வெயில் காலத்தில் ஊருக்குள் பைக்: எந்த ரைடிங் கியரில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

புதிதாக பைக் ஓட்டத் தொடங்குகிறவர்களிடம் ரைடிங் கியர், அதாவது ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை மாதிரி பாதுகாப்புக்காக அணிபவை பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "ஊருக்குள்தானே ஓட்டப் போகிறேன், அதுவும் இந்த வெயிலில், இதெல்லாம் தேவையா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. 38 டிகிரி வெயிலில், முன்னும் பின்னும் வண்டிகள் சூடு கக்க, இரண்டு நிமிட சிக்னலில் தடித்த ஜாக்கெட்டோடு நிற்பது கொடுமை. வியர்வை கண்ணில் இறங்கினால் கவனம் போகும். கவனம் போனால் அதுவே ஆபத்து. அதனால் "எல்லாவற்றையும் மாட்டு" என்று அறிவுரை சொல்லிவிட்டு நகர்வது உதவாது. வெயிலுக்காக எங்கே கொஞ்சம் இறங்கிப் போகலாம், எங்கே ஒரு பிடிகூட விடக்கூடாது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முதலில், விழும்போது உடம்புக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, தரையில் மோதும் அடி. இன்னொன்று, அதற்கப்புறம் ரோட்டில் இழுபட்டுப் போகும்போது ஏற்படும் தேய்மானம்.

தேய்மானம் வேகத்தைப் பொறுத்தது. 40 கி.மீ. வேகத்தில் விழுந்தால் காய்ந்த தார் ரோட்டில் ஏறக்குறைய 10 மீட்டர் சறுக்கி, இரண்டு விநாடிக்குள் உடம்பு நின்றுவிடும். 80 கி.மீ. வேகத்தில் அதே தூரம் நான்கு மடங்கு, ஏறக்குறைய 40 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் சறுக்கும் தூரம் நான்கு மடங்காவது சாதாரண இயற்பியல்.

அடி அப்படி இல்லை. உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கி.மீ. அளவுக்கு வந்துவிடும். வண்டி 30-இல் போனாலும் 100-இல் போனாலும் கீழ்நோக்கிய இந்த வேகம் மாறாது. தோள், முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான், உயரம் மட்டும் கொஞ்சம் குறைவு.

ஆக, ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவர் தேய்மானப் பாதுகாப்பில் ஒரு படி இறங்கலாம். அடியைத் தாங்கும் பாதுகாப்பில் இறங்க வழியில்லை. கீழே வரும் எல்லா ஒப்பீடுகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

"மெதுவாகப் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது" என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்த அறிக்கை 1981-இல் வெளிவந்தது. அதில் மோதல் வேகங்களின் நடுமதிப்பு மணிக்கு 21.5 மைல், அதாவது ஏறக்குறைய 35 கி.மீ. பாதி விபத்துகள் அதைவிடக் குறைந்த வேகத்தில் நடந்தவை. ஊருக்குள் நாம் ஓட்டும் வேகம் அதுதான்.

ஹெல்மெட்: முழு முகமா, திறந்த முகமா, மடக்கும் வகையா?

வெயிலைக் காரணம் காட்டி அதிகமாக சமரசம் செய்யப்படும் பொருள் ஹெல்மெட்தான். திறந்த முக ஹெல்மெட்டில் காற்று நன்றாக வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஜெர்மனியின் ஹானோவரில் டீட்மர் ஓட்டே செய்த விபத்து ஆய்வில், ஹெல்மெட்டில் பதிந்த அடிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தாடைப் பகுதியில் இருந்தன. முன்பக்கமாக விழுகிறவருக்குத் தலையில் முதலில் தரையில் படுவது பெரும்பாலும் தாடைதான். திறந்த முக ஹெல்மெட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆகவே இந்தப் போட்டியிலிருந்து அதை நான் எடுத்த எடுப்பில் விலக்கிவிடுவேன்.

மீதி இரண்டு. மடக்கும் வகையில் சிக்னலில் தாடைப் பகுதியைத் தூக்கி மூச்சு விட்டுக்கொள்ளலாம். கண்ணாடி அணிகிறவர்களுக்கும் வசதி. பதிலுக்கு எடை கூடும், கீல் என்று ஒரு கூடுதல் பாகம் வரும், தூக்கியபடியே ஓட்டும் பழக்கமும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயம்தான் புதியவர் விஷயத்தில் என்னைத் தயங்க வைக்கிறது. நெற்றியிலும் தாடையிலும் காற்றுத் துளைகளும் பின்னால் வெளியேறும் வழியும் உள்ள, கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணி கொண்ட முழு முக ஹெல்மெட் இருந்தால் வெயில் காலத்தை ஓட்டிவிடலாம். உள்துணி கழலாத ஹெல்மெட்டை, வேறு எது நன்றாக இருந்தாலும், வெயில் பிரதேசத்தில் வாங்காதீர்கள். ஒரு மாத வியர்வைக்குப் பிறகு அதைத் தலையில் வைக்கவே மனம் வராது.

தரத்தைப் பார்க்க ஸ்டிக்கரைவிட நாடாவில் தைத்திருக்கும் துணி லேபிள் நம்பகம். உங்கள் நாட்டுச் சட்டம் எந்த முத்திரையைக் கேட்கிறதோ அது கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு ஐ.நா.வின் ஈ.சி.இ. 22.06 விதிமுறைப்படி தேறியதாக இருந்தால் இன்னும் நல்லது. 2021-இல் நடைமுறைக்கு வந்த இந்த விதியில், தலை சுழலும்போது மூளைக்கு ஏற்படும் பாதிப்பை அளக்கும் சோதனை புதிதாகச் சேர்ந்தது. குறைந்த வேகம், அதிக வேகம் இரண்டிலும் மோதிப் பார்க்கிறார்கள். அந்த லேபிளில் எண்ணுக்குப் பின்னால் 'பி' (P) என்ற எழுத்து இருந்தால் தாடைப் பகுதி பாதுகாப்புக்காகச் சோதிக்கப்பட்டது என்று பொருள். 'ஜே' (J) என்றால் தாடைப் பாதுகாப்பு இல்லை. 'என்பி' (NP) என்றால் தாடையில் இருப்பது வெறும் அலங்காரம். மடக்கும் வகையில் 'பி/ஜே' என்று இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். 'ஜே' மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவு பார்க்கும்போது கன்னம் இரண்டும் லேசாக உள்ளே அமுங்க வேண்டும். நாடாவைப் பூட்டிவிட்டுப் பின்புற விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகக் கழற்றப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் ஹெல்மெட் இல்லை. நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தால் அதுவும் இல்லை. கடையிலேயே பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நில்லுங்கள், அந்த வலி அப்போதுதான் தெரியும். யாரோ பயன்படுத்திய ஹெல்மெட் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை அமுங்கிவிட்டால் திரும்ப எழாது, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

ஜாக்கெட்: சண்டையே இங்கேதான்

கடைக்குப் போனால் உங்கள் முன் ஐந்து வகைகள் வரும்: வலைத்துணி எனப்படும் மெஷ், ஜிப் வைத்த காற்றுத் துளைகள் உள்ள துணி ஜாக்கெட், துளையிட்ட தோல், சட்டை அல்லது ஹூடி போலத் தோன்றும் ரைடிங் சட்டை, உள்ளே இறுக்கமாகப் போடும் ஆர்மர் பனியன் (ஆர்மர் என்பது அடியைத் தாங்கும் பேட்கள்).

ஐரோப்பாவின் ஈ.என். 17092 தரம் இவற்றை வரிசைப்படுத்த உதவும். ஏஏஏ, ஏஏ, ஏ என்று மூன்று படிகள். தோள், முழங்கை மாதிரி முதலில் தரையில் படும் பகுதிகளின் துணியை ஏஏஏ-வுக்கு 120 கி.மீ., ஏஏ-வுக்கு 70 கி.மீ., ஏ-வுக்கு 45 கி.மீ. வேகத்துக்கு ஈடாகத் தேய்த்துப் பார்க்கிறார்கள். இவை தவிர பி (B) என்பது ஏ அளவுக்குத் தேய்மானம் தாங்கும், ஆனால் ஆர்மர் இல்லாத உடை. சி என்பது ஆர்மரைப் பிடித்து வைக்க மட்டும் உள்ள உடை, தேய்மானம் தாங்காது.

துளையிட்ட தோல் தேய்மானத்தில் மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஓடும்போது பரவாயில்லை, நின்றால் வேகும். எடையும் அதிகம். வேலைக்குப் போகிற வழியில் பதினைந்து சிக்னல் இருந்தால் ஒரு வாரத்தில் அதை ஆணியில் மாட்டிவிடுவீர்கள். ஜிப் துளை வைத்த துணி ஜாக்கெட் பலரை ஏமாற்றும். விளம்பரத்தில் காற்று புகுந்து புறப்படும். அதற்கு வண்டி ஒரே சீராக வேகமாகப் போக வேண்டும். நெடுஞ்சாலையில் அது உண்மை. 25-இல் ஊரும் நெரிசலில் அந்த ஜிப்புகள் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். மழையும் குளிரும் வருகிற ஊருக்கு ஒரே ஜாக்கெட் என்றால் இதை யோசிக்கலாம், வெயிலுக்காக என்றால் வேண்டாம்.

ரைடிங் சட்டை பார்க்க இயல்பாக இருப்பதால் புதியவர்கள் அதில் மயங்குவார்கள். எனக்கு அதில் இரண்டு குறைகள் படுகின்றன. உள்ளே அராமிட் (கெவ்லார் போன்ற வலுவான இழை) துணி அடுக்கு வைத்தவை நினைப்பதைவிடச் சூடானவை, காற்று ஊடுருவாது. அடுத்தது, சட்டைபோல் தொளதொளவென்று இருப்பதால் முழங்கை பேட் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. விழும் நேரத்தில் அது சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போய்விட்டால் எந்த லெவல் ஆர்மர் இருந்தும் பயனில்லை.

ஆர்மர் பனியன் இதற்கு நேர் எதிர். உடம்போடு ஒட்டிப் பிடிப்பதால் பேட்கள் அசையாது. காற்றும் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகப் போகும். அடியைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று மேலே சொன்ன கணக்குப்படி இதுவே வென்றுவிடும்போல இருக்கும். ஆனால் பெரும்பாலும் இவை சி வகை. 10 மீட்டர் சறுக்கல் சின்னதுதான் என்றாலும் தோல் போவதற்கு 10 மீட்டர் தாராளம். மேலே தேய்மானம் தாங்கும் பி வகைச் சட்டை ஒன்றைப் போட்டால் இந்த ஜோடி மிக நல்ல தீர்வு. ஒவ்வொரு முறையும் இரண்டையும் மாட்டும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

மெஷ் ஜாக்கெட்தான் என் தேர்வு. 20 கி.மீ. வேகத்திலேயே நெஞ்சில் காற்று தெரியும். அதன் பலவீனம் தேய்மானம், அதைத்தான் நாம் ஊருக்குள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் எல்லா மெஷ்ஷும் ஒன்றல்ல. தோளிலும் முழங்கையின் வெளிப்புறத்திலும் வலைக்குப் பதில் கெட்டித் துணி இருக்க வேண்டும். வலை நெஞ்சிலும் முதுகிலும் கையின் உட்புறத்திலும் இருந்தால் போதும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை முழுக்க வலையாக, குளுகுளுவென்று இருக்கும் ஜாக்கெட்டைத் தாண்டி நடந்துவிடுங்கள். தையலை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற அளவுக்கு விலகினால் தரையில் முதலில் பிரிவது அதுதான். ஏ வகை போதும். ஏஏ வாங்கிய மெஷ் கிடைத்து, காற்றும் போகிறதென்றால் அதை எடுங்கள்.

பேட்களில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

ஜாக்கெட்டின் லேபிளை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் பேட்களைப் பார்க்காமல் வருவது வழக்கமாக நடக்கிறது. பேட் பையின் ஜிப்பைத் திறந்து, பேட்டையே வெளியே எடுத்து அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கை, கால் பேட்களுக்கு ஈ.என். 1621-1 தரம். 5 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, எவ்வளவு விசை மறுபக்கம் வருகிறது என்று அளக்கிறார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. இது சின்ன வித்தியாசமில்லை. லெவல் 2 பேட் இப்போது கனமாகவோ தடித்தோ இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, துளையிட்டவையே நிறைய வருகின்றன.

வெயில் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன அச்சு உண்டு: 'டி+' (T+). மென்மையாக இருந்து அடிபட்டதும் இறுகும் வகைப் பேட்கள் சூட்டில் இளகும், தாங்கும் திறன் குறையலாம். 40 டிகிரியில் வைத்துச் சோதித்துத் தேறியவற்றுக்குத்தான் இந்தக் குறி. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதும் இல்லை. வெயிலில் நிறுத்திய வண்டியின் மேல் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டும் நமக்கு இது முக்கியம்.

முதுகுப் பையையும் திறந்து பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பாஞ்சு இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. முதுகு பேட்டுக்கு ஈ.என். 1621-2. லெவல் 1 என்றால் 18 கிலோநியூட்டன், லெவல் 2 என்றால் 9. தனியாக வாங்க வேண்டியிருந்தால் துளைகள் உள்ளதாக வாங்குங்கள். முதுகு வழியே காற்று வெளியேறுவதைத் தடுப்பது பெரும்பாலும் இந்தப் பேட்தான்.

கடைசியாக, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கும் நிலைக்கு வாருங்கள். நின்றபடி கண்ணாடியில் பார்ப்பது வீண். உட்கார்ந்ததும் கை நீண்டு சட்டைக் கை மேலேறும். இப்போது இன்னொருவரை முழங்கை பேட்டைப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள். எலும்பின் மேலிருந்து அது நழுவினால் ஒரு அளவு சின்னது எடுங்கள், அல்லது கைப்பட்டையை இறுக்கிப் பாருங்கள். வெயிலுக்குத் தளர்வாக இருக்கட்டும் என்று பெரிய அளவு எடுப்பதில் லாபமில்லை. மெஷ் உடம்போடு ஒட்டியிருந்தாலும் காற்று வரும்.

கையுறை

கீழே விழும் எவரும் முதலில் ஊன்றுவது கையைத்தான். துளையிட்ட தோல் கையுறைக்கும் மெஷ் கையுறைக்கும் இடையில், உள்ளங்கை முழுக்கத் தோலாக இருக்கும் எதையும் எடுக்கலாம். புறங்கை மெஷ்ஷாக இருந்தால் போதும், காற்று படுவது அங்கேதான். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கியபின் விரல் நுனிகளைப் பிடித்து இழுத்தால் கழன்று வரக்கூடாது. உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டுப் பக்கம், வழுக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருந்தால் ஊன்றிய கை தரையில் மாட்டாமல் சறுக்கும், மணிக்கட்டு எலும்பு தப்பும். தரம் ஈ.என். 13594, 'கேபி' (KP) என்ற எழுத்து இருந்தால் விரல் மூட்டுப் பாதுகாப்பும் தேறியிருக்கிறது. விரலில்லாத கையுறைகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கால்

வெயில் காலத்தில் பலரும் இடுப்புக்குக் கீழே கைவிட்டுவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் விழுந்து எழுந்த 212 ஓட்டுநர்களை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ரைடிங் ஜாக்கெட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு 21 சதவீதம் குறைந்திருந்தது. ரைடிங் பேண்ட் அணிந்தவர்களுக்கு 51 சதவீதம், கையுறைக்கு 59 சதவீதம். நாம் முதலில் கைவிடும் இரண்டும்தான் அதிகம் காப்பாற்றியிருக்கின்றன. அதே ஆய்வில் ரைடிங் ஜாக்கெட்டுகளில் ஏறக்குறைய முப்பது சதவீதம் கிழிந்தோ பிரிந்தோ போயிருந்தன. தையலை இழுத்துப் பார்க்கச் சொன்னது அதனால்தான்.

சாதாரண ஜீன்ஸ் தார் ரோட்டில் ஒரு விநாடி தாங்கினாலே பெரிது. ரைடிங் ஜீன்ஸில் இரண்டு வகை. உள்ளே அராமிட் அடுக்கு தைத்தவை நன்றாகத் தாங்கும், ஆனால் இன்ஜின் சூடு தொடையில் அடிக்கும் நேரத்தில் இரண்டு துணி என்பது இரண்டு துணிதான். வலுவான நூலை டெனிமோடு சேர்த்து நெய்த ஒற்றை அடுக்கு ஜீன்ஸ் இதைவிடக் குளிர்ச்சி, நல்லவை ஏஏ வரை வருகின்றன, விலையும் ஏறும். மூன்றாவது வழி, அலுவலக பேண்டுக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் மெஷ் பேண்ட், பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஜிப் வைத்தது. போய் இறங்கியதும் நின்றபடியே கழற்றிவிடலாம். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எதை எடுத்தாலும் முழங்கால் பேட் உட்கார்ந்த நிலையில் முட்டிக்கு நேராக இருக்க வேண்டும். இடுப்பு பேட்டுக்கான பை காலியாக இருந்தால் வாங்கிப் போடுங்கள். பக்கவாட்டில் விழும்போது முதலில் படுவது அதுதான்.

காலணியில் கணுக்கால் எலும்பு மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் முதல் நிபந்தனை. மேலே சொன்ன ஆய்வில், ரைடிங் பூட்ஸாக இல்லாத சாதாரண பூட்ஸ்கூட ஷூக்களைவிட நன்றாகக் காத்திருக்கிறது. அதனால் பணம் பற்றாத நேரத்தில் கணுக்கால் மூடிய தோல் பூட்ஸ் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். வாங்கும்போது அடிப்பாகத்தை இரு கையால் முறுக்கிப் பாருங்கள். துணிபோல் முறுகினால், வண்டி காலின் மேல் விழும்போது பாதமும் அப்படித்தான் முறுகும். கயிறு உள்ளது என்றால் அதை மூடும் பட்டை வேண்டும், கியர் லீவரில் மாட்டக்கூடாது.

விழும்போது ஊதிக்கொள்ளும் காற்றுப்பை (ஏர்பேக்) வெஸ்ட் வகைகளும் வருகின்றன. நெஞ்சுக்கும் கழுத்துக்கும் அவை தரும் பாதுகாப்பு பெரியது. ஆனால் புதியவர் முதலில் வாங்க வேண்டியது அதுவல்ல. மேலே சொன்ன எல்லாம் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

கையில்லா சட்டைதான் குளிர்ச்சியா?

இல்லை என்பதுதான் பதில், வெயில் ஏறிவிட்டால். தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால் திறந்த கையில் படும் காற்று உடம்பைச் சூடாக்கவே செய்கிறது. குளிர்விப்பது வியர்வை ஆவியாவது மட்டும்தான். வெறும் தோலில் அது உடனே உலர்ந்துவிடும், நேர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். மெஷ்ஷுக்கு உள்ளே வியர்வையை உறிஞ்சிப் பரப்பும் மெல்லிய முழுக்கை பனியன் போட்டால் ஈரம் கொஞ்சம் நேரம் நின்று குளிர்விக்கும். வறண்ட வெயிலில் அந்த பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு கிளம்பினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் உள்ள கடலோர ஊர்களில் இந்த உத்தி அவ்வளவு பலிக்காது. அங்கே வெளிர் நிற ஜாக்கெட், நிழலில் நிற்பது, தண்ணீர் இவைதான் கை கொடுக்கும். வெளிர் நிறம் மற்ற ஓட்டுநர்கள் கண்ணிலும் சீக்கிரம் படும்.

பணம் ஒரே தவணையில் இல்லையென்றால் வாங்கும் வரிசையை நான் இப்படி வைப்பேன். முதலில் முழு முக ஹெல்மெட்டும் கையுறையும் ஒன்றாக. அடுத்தது மெஷ் ஜாக்கெட். அதில் லெவல் 1 பேட்தான் வருகிறதென்றால் ஜாக்கெட்டை எடுத்துவிட்டு லெவல் 2 பேட்களைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், பையின் அளவை மட்டும் குறித்து வையுங்கள். காலுக்கு இருக்கிற பூட்ஸ். பேண்ட் வாங்கும்வரை, முழங்காலுக்குத் தனியாகப் பட்டை வைத்துக் கட்டும் பேட்கள் கிடைக்கும். ஜீன்ஸுக்கு உள்ளே மாட்டலாம், வெளியேயும் மாட்டலாம். வெளியே மாட்டினால் காற்று வரும்.